கணக்கு மூளையும் சட்டப் புத்தகமும்

1825-ஆம் ஆண்டில் புதுச்சேரியிலே ஒரு பஞ்சாங்கக் கணக்கர் இருந்தார். ஜான் வாரன் என்னும் ஆராய்ச்சியாளர் அவரிடம், அவ்வாண்டு மே 31-க்கும் சூன் 1-க்கும் இடைப்பட்ட இரவின் நிலவு மறைப்பைக் கணித்துக் காட்டும்படி கேட்டார். கணக்கர் தரையிலே சோழிகளை வைத்தார். சொற்களாகவும் அசைகளாகவும் மனப்பாடம் செய்திருந்த அட்டவணைகளிலிருந்து எண்களை எடுத்தார், சோழிகளை நகர்த்தினார், விடை சொன்னார். மறைப்பின் தொடக்கத்தில் 4 நிமிடம், நடுவில் 23 நிமிடம், முடிவில் 52 நிமிடம் — பிழை அவ்வளவே! ஆனால் வாரன் இன்னொன்றையும் எழுதி வைத்தார்: தாம் செய்யும் கணக்குக்கு அடிப்படையான கோட்பாட்டில் ஒரு சொல்லும் அந்தக் கணக்கருக்குத் தெரியாது.

நாம் அந்தக் கணக்கரை எள்ளி நகையாட வரவில்லை. விரல் நுனியில் வித்தையை வைத்திருந்த மனிதர் அவர். நாம் கேட்பது வேறு. இருநூறு ஆண்டுகள் கழிந்த பின்னும் அதே ஊரில், அரசுப் பள்ளியின் பலகையிலே அமர்ந்திருக்கும் நம் பிள்ளை எந்த நிலையில் இருக்கிறான்? வாய்பாட்டை ஒப்புவிக்கிறான், சூத்திரத்தை எழுதுகிறான், ஏன் என்று கேட்டால் விழிக்கிறான். கணக்கருக்காவது கையில் சோழி இருந்தது. இவனுக்கு அதுவும் இல்லை!

விழிக்கும் பிள்ளையைப் பார்த்து நாடு என்ன சொல்கிறது? "அவனுக்குக் கணக்கு மூளை இல்லை" என்கிறது. ஆசிரியர் சொல்கிறார், அப்பன் சொல்கிறான், கடைசியில் பிள்ளையே சொல்லிக் கொள்கிறான். தலையெழுத்தை நம்பாதே என்று மேடைதோறும் முழங்கிய நாட்டிலே, கணக்கு மட்டும் பிறப்பிலேயே எழுதப்பட்டுவிட்டதாம்! சாதகக் கட்டைக் கிழித்தெறிந்த இளைஞர்கூட மதிப்பெண் பட்டியலைச் சாதகமாகவே படிக்கிறார். நம்மிடையே இன்னும் கட்டிக் காக்கப்படும் மூடநம்பிக்கைகளுள் இதற்குத் தனியிடம் உண்டு. ஏனெனில் இதனால் அரசுக்கு வரவு இருக்கிறது. மூளை பிறப்பால் வருவதென்றால் கற்பிக்கும் முறைக்குச் செலவு செய்ய வேண்டிய கடமை எவருக்கும் இல்லையல்லவா?

இந்தக் கண்கொண்டு சட்டப் புத்தகத்தைப் புரட்டினோம்.

2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருப்பது 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம். அதன் 29-ஆம் பிரிவு அழகாகப் பேசுகிறது: செயல்பாட்டின் வழியே, கண்டறிதலின் வழியே, தேடலின் வழியே குழந்தை கற்க வேண்டுமாம். நன்று! கையொலி செய்யலாம். கையொலி அடங்குமுன் அதே சட்டத்தின் அட்டவணைக்கு வாருங்கள். 6 முதல் 8 வரையுள்ள வகுப்புகளுக்கு எத்தகைய ஆசிரியர் வேண்டும் என்று அங்கே எழுதியிருக்கிறது. "அறிவியலும் கணிதமும்" — இரண்டுக்கும் சேர்த்து ஒருவர். தாவரவியல் படித்து வந்தவர் இயற்கணிதம் நடத்தினாலும் சட்டம் நிறைவடைந்துவிடும். கற்பிக்கும் கருவிகள் பற்றி, வகுப்புக்கு வகுப்பு தேவைக்கேற்பத் தரப்படும் என்று ஒரு வரி. தேவை எது, அளப்பவர் யார், பணம் எங்கே? அட்டவணை வாய் திறக்கவில்லை. முகப்பிலே மாளிகை, பின்கட்டிலே ஓலைக் குடிசை என்பது இதுதான்.

புதுவையின் சொந்தச் சட்டம் ஒன்று உண்டு, 1987-ஆம் ஆண்டின் பள்ளிக் கல்விச் சட்டம். பள்ளிகளை ஏற்பது, நடத்துவது, ஊழியர் பணிநிலை இவையே அதன் உள்ளடக்கம். வேண்டியவைதாம். எனினும், அந்தப் பள்ளிக்குள்ளே பின்னம் எப்படிக் கற்பிக்கப்படுகிறது என்பது அச்சட்டத்தின் கவலையன்று.

ஆகவே புதுமை எல்லாம் திட்டங்களின் பெயரால் வந்தது. 2015 சூலையில் அப்துல் கலாம் தொடங்கி வைத்த தேசிய கண்டுபிடிப்பு இயக்கம், அறிவியலையும் கணிதத்தையும் வகுப்பறைக்கு வெளியே கொண்டு செல்லும் என்றார்கள். 2018-இல் அது இன்னொரு பெருந்திட்டத்துக்குள் கரைந்தது. 2021-இல் நிபுண் பாரத் வந்தது. தமிழ்நாட்டிலோ 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் முளைத்தது. பிள்ளைகள் பாயில் வட்டமாய் அமர்ந்து, அட்டைகளை எடுத்து, ஏணிப்படம் பார்த்துத் தம் வேகத்தில் ஏறினர். 2007-08-இல் மாநிலமெங்கும் பரவியது. நாம் அதைக் குறையற்றது என்று சொல்ல மாட்டோம். ஆனால் உயிருள்ள முயற்சி. காலம் மாறியது, முறையும் மாறியது. 2022-இல் எண்ணும் எழுத்தும் வந்தது. அதையும் வரவேற்கிறோம். அடுத்து எது வருமோ! ஆணையால் பிறப்பது ஆணையால் மறையும். 2024-25-இல் பி.எம். ஸ்ரீ உடன்பாட்டில் கையெழுத்திடவில்லை என்பதற்காக ஒருங்கிணைந்த கல்வித் திட்ட நிதியே தமிழ்நாட்டுக்கு நிறுத்தப்பட்டதையும், 2025-இல் மாநில அரசு உச்ச நீதிமன்றத்தின் படியேறியதையும் பார்த்தோமே. திட்டத்தின் தலைவிதி இது!

சோற்றின் கதையை எண்ணிப் பாருங்கள். 1920-இல் நீதிக்கட்சியார் கையிலிருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியிலே பிள்ளைகளுக்கு உணவிட்டது. 1930-இல் பிரெஞ்சு ஆட்சிக் காலப் புதுவையிலும் மதிய உணவு வந்தது. 1956-இல் காமராசர் காலத்தில் அது பெருகியது. 2013-இல் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் பள்ளிப் பிள்ளையின் மதிய உணவு உரிமையாகவே எழுதப்பட்டது. தொண்ணூற்று மூன்று ஆண்டுகள்! வயிற்றுக்குச் சட்டம் கிடைத்தது. அறிவுக்கு?

சட்டம் இயற்றிவிட்டால் போதுமோ என்றால், போதாது. புதுமை என்ற பெயரில் பணத்தைக் கொட்டிக் கெட்ட கதையும் உண்டு. ரஷ்யர் 1957-இல் ஸ்புட்னிக்கை விண்ணில் ஏவியதும் அமெரிக்கா பதறியது. 1958-இல் தேசப் பாதுகாப்புக் கல்விச் சட்டம் செய்து அறிவியலுக்கும் கணிதத்துக்கும் பணம் ஒதுக்கியது. அந்த ஆர்வ அலையில் "புதுக் கணிதம்" வந்தது. கணக் கோட்பாட்டைச் சிறுவர் தலையில் ஏற்றினர். ஆசிரியர் திகைத்தனர், பெற்றோர் கொதித்தனர். நம் ஊரை ஆண்ட பிரெஞ்சுக்காரரும் தம் நாட்டில் அதே வழியில் போய் அதே பள்ளத்தில் விழுந்தனர். ஆனால் அவர்கள் ஒன்றை மிச்சப்படுத்திக் கொண்டார்கள். 1969 முதல் பல்கலைக்கழகங்களில் கணிதம் கற்பித்தலை ஆராயும் கழகங்களை அமைத்தார்கள். பள்ளி ஆசிரியரும் பல்கலைக்கழகக் கணித அறிஞரும் ஒரே மேசையில் அமரும் இடம் அது. சீர்திருத்தம் சரிந்தது, கழகங்கள் நிலைத்தன.

அந்த மேசை புதுவையில் போடக்கூடாதா? சட்டப்பேரவையிலிருந்து நடந்து செல்லும் தொலைவில், செயின்ட் லூயி தெருவிலே, 1955-இல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் இருக்கிறது. அங்கு ஆய்வு செய்யும் செந்தில் பாபு, தமிழகத்தின் திண்ணைப் பள்ளிக் கணக்கைப் பற்றி 2022-இல் ஆங்கிலத்தில் நூல் வெளியிட்டார். திண்ணையில் மனப்பாடம் என்பது வெறும் ஒப்புவித்தல் அன்று, அளத்தலும் எண்ணுதலும் ஆகிய ஊர்த் தொழிலோடு ஒட்டிய பயிற்சி என்று அது காட்டுகிறது. இதை மறுக்க நமக்கு மனமில்லை. கூடவே ஒன்றைச் சேர்ப்போம். அத்திண்ணையில் பெண்ணுக்கும், ஒடுக்கப்பட்டோர் வீட்டுப் பிள்ளைக்கும் பெரும்பாலும் இடமில்லை. அவர்களுக்குக் கிடைத்த முதல் திண்ணை அரசுப் பள்ளிதான். அதனாலேயே அதைப் பற்றி இத்தனை கடுமையாகப் பேசுகிறோம்.

புதுமை என்றதும் மின்பலகையும் கண்ணாடிப் பேழையில் பூட்டிய பொம்மைகளும்தாம் அதிகாரிகளின் நினைவுக்கு வருகின்றன. ஒரு தாளை எடுத்து மடியுங்கள்: அரை. மறுபடி: கால். மறுபடி: அரைக்கால். மறுபடி: மாகாணி. பதினாறில் ஒன்று பிள்ளையின் கைக்குள் வந்துவிட்டது! பெயர்கள் நம் பாட்டியின் பெயர்கள்; தாளுக்குக் காசில்லை. பிறகு ஆசிரியர் கேட்க வேண்டும்: "அரைக்காலோடு மாகாணி சேர்ந்தால் எத்தனை மாகாணி?" பிள்ளை தாளை விரித்து எண்ணுவான். மூன்று என்பான். தவறினாலும் தானே திருத்துவான். செலவு தாளில் இல்லை. அந்தக் கேள்வியை எப்போது கேட்பது, எப்போது வாய்மூடிக் காத்திருப்பது என்று அறிந்த ஆசிரியரை உருவாக்குவதில் இருக்கிறது. அவருக்குப் பயிற்சி வேண்டும், துணை வேண்டும், கணக்கெடுப்பு வேலைகளிலிருந்து விடுதலை வேண்டும். இவை தொடர்செலவு. ஆண்டுக்கொரு முறை பெட்டி வாங்கி நிழற்படம் எடுத்துக்கொள்ளும் செலவன்று.

2022-இல் அமெரிக்காவின் அலபாமா மாநிலம் எண்ணறிவுச் சட்டம் ஒன்றை இயற்றியது. 1963-இல் கறுப்பின மாணவர் நுழையக்கூடாதென்று பல்கலைக்கழக வாயிலில் ஆளுநரே நின்று மறித்த அதே அலபாமா! இன்று அதன் சட்டத்தில், அரசுத் தொடக்கப் பள்ளிகளில் ஆசிரியருக்குத் துணைநிற்கும் கணிதப் பயிற்றுநர் பதவி எழுதப்பட்டிருக்கிறது. வேறு குறைகள் அச்சட்டத்தில் இருக்கலாம். பதவியைச் சட்டத்திலே எழுதினார்கள், அதை மெச்சுகிறோம்.

புதுவைக்கு அதிகாரம் ஏது என்று சிலர் கைவிரிப்பர். 1963-ஆம் ஆண்டின் ஒன்றியப் பகுதிகள் சட்டப்படி, நிதி சார்ந்த முன்வரைவுக்குத் துணைநிலை ஆளுநரின் பரிந்துரை வேண்டும் என்பது உண்மை. அதற்குப் பொருள் கேட்காதே என்பதா? 2023-24-இல் அரசுப் பள்ளிகளின் மேல்வகுப்புகளை மத்திய இடைநிலைக் கல்வி வாரியப் பாடத்திட்டத்துக்கு மாற்ற முடிந்தது. புத்தகத்தை மாற்றும் துணிவு இருந்தவர்கள், புத்தகத்தைக் கற்பிப்பவருக்காக ஒரு சட்டம் கேட்க ஏன் தயங்க வேண்டும்? புதுவை, காரைக்கால், மாகி, ஏனாம் — நான்கே துண்டு நிலம். கணிதத்துக்குத் தனி ஆசிரியர், பள்ளிக்குப் பள்ளி சென்று அவருக்குத் துணைநிற்கும் பயிற்றுநர், ஆண்டுதோறும் குறையாத ஒதுக்கீடு, ஆசிரியரே நடத்தும் ஆய்வு மேசை என்று சட்டத்தில் எழுதிப் பார்க்க இதைவிட வசதியான அளவு எங்கே கிடைக்கும்?

எவ்வளவு செலவாகும் என்று உறுப்பினர்கள் கேட்பார்கள். கேட்கட்டும். அதைக் கணக்கிட்டுச் சொல்லவேனும் பேரவையின் மேசைமேல் ஒரு முன்வரைவு வந்தாக வேண்டும்.