உள்ளடக்குதல் என்கிற அடக்குதல்: கிராமீன்போன் கதையாடல் பற்றிச் சில குறிப்புகள்

1

பெரிய கம்பெனிகள் இப்போது இரண்டு விதமாகக் கணக்குச் சொல்கின்றன. ஒன்று பங்குதாரர்களுக்கு: லாபம் எவ்வளவு, பங்குக்கு எவ்வளவு. இன்னொன்று உலகத்துக்கு: எத்தனை மரம் நட்டோம், எவ்வளவு கரிப்புகையைக் குறைத்தோம், எத்தனை ஏழைகளைக் கைதூக்கி விட்டோம். முதல் கணக்கைத் தணிக்கையாளர் வரிக்கு வரி பார்க்கிறார். இரண்டாவதைப் படிக்கிறவர் குறைவு. எடுத்தவரும் படத்தைப் பார்த்துவிட்டு மூடி வைத்துவிடுகிறார். தொலைபேசிக் கம்பெனி என்றால் படத்தில் ஒரு கிராமத்துப் பெண் கையில் போனோடு சிரிப்பாள். அவளைப் படத்துக்குள் கொண்டுவந்து நிறுத்திய இலக்கணம் என்ன என்று பார்ப்பதே இங்கே நோக்கம்.

அந்த இலக்கணம் இரண்டு சொற்களில் நிற்கிறது. ஒன்று நிலைபேறு. மற்றது டிஜிட்டல் உள்ளடக்குதல். இந்த இரண்டாவது சொல் ஆங்கிலத்தில் கதவைத் திறந்துவிடுவது போல ஒலிக்கிறது. தமிழுக்கு வந்ததும் அதற்குள் ஒளிந்திருந்தது வெளியே தெரிந்துவிடுகிறது. அடக்கம் என்றால் நமக்குப் பணிவு. கடைக்காரன் லாபம் வைக்கும் முன் போடுகிற விலை அடக்க விலை. செத்தவனைப் புதைப்பதும் அடக்கம்தான். அடக்குமுறையும் அதே வேரில் முளைத்தது. இதெல்லாம் மொழிபெயர்ப்பில் நேர்ந்த விபத்து என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் வங்கதேசத்தின் கிராமீன்போன் கதையை முதலிலிருந்து படித்துக்கொண்டு போனால் இந்த நான்கு அர்த்தங்களும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கின்றன.

2

1997 மார்ச் 26. வங்கதேசத்தின் விடுதலை நாள். பிரதமர் ஷேக் ஹசீனா டாக்காவிலிருந்து நார்வே பிரதமரோடு பேசி கிராமீன்போனைத் தொடங்கிவைத்தார். அன்றைக்கு ஒரு கிராமத்துப் பெண்ணும் பிரதமரோடு போனில் பேசினார். நூறு பேருக்கு ஒரு தொலைபேசிகூட இல்லாதிருந்த நாடு அது. எனவே இந்தக் காட்சியின் வசீகரத்தைக் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை.

யோசனை, அமெரிக்காவில் முதலீட்டுத் துறையில் வேலை பார்த்த இக்பால் காதிருடையது. மூலதனத்தில் பெரும்பகுதி நார்வே அரசின் டெலினாருடையது. 51 சதம் அதற்கு. முகம்மது யூனுஸ் உருவாக்கிய லாபநோக்கற்ற கிராமீன் டெலிகாமுக்கு 35. மீதி ஜப்பானின் மாருபெனிக்கும் காதிரின் கோனோபோனுக்கும். நாடு முழுக்கச் சேவையைக் கொண்டுபோக ரயில் தண்டவாளத்தோரம் ஓடுகிற கண்ணாடி இழைக் கம்பி குத்தகைக்குக் கிடைத்தது. அந்தக் கம்பியைப் போட்டது நார்வேயின் உதவிப் பணம். உதவி எங்கே முடிகிறது, வியாபாரம் எங்கே தொடங்குகிறது என்று கோடு கிழிக்க முடியாதபடி இரண்டும் ஒரே தண்டவாளத்தில் ஓடின.

உள்ளடக்குகிறோம் என்றால் எதற்குள்? இந்தக் கேள்வி 2006இல் பகிரங்கமாக வெடித்தது. ஆறு ஆண்டு கழித்து டெலினார் தன் பங்கை 35 சதத்துக்குக் கீழே இறக்கிக்கொள்ளும் என்று 1996இல் எழுதிக்கொண்டோம், பெரும்பங்கு ஏழைப் பெண்கள் கைக்குப் போக வேண்டும் என்றார் யூனுஸ். அது எண்ணமே தவிரக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் அல்ல என்றது டெலினார். அந்த டிசம்பரில் அவர் ஆஸ்லோவில் நோபல் அமைதிப் பரிசு வாங்கியபோதும் தகராறு ஓடிக்கொண்டுதான் இருந்தது. அதற்குள் டெலினாரின் பங்கு 62 ஆகியிருந்தது. 2009இல் கம்பெனி பங்குச் சந்தைக்கு வந்த பிறகு டெலினாருக்கு 55.8, கிராமீன் டெலிகாமுக்கு 34.2, பொதுமக்களுக்கு 10 என்று நின்றது. ஏழைப் பெண் வாடிக்கையாளராக உள்ளே வரலாம், விற்பனையாளராக வரலாம், அட்டைப் படமாகவும் வரலாம். உடைமையாளராக வருகிறேன் என்றால் மட்டும் 'அது எண்ணம்தான்' என்று பதில் வருகிறது. அடக்கத்தின் முதல் அர்த்தம் இது: இருக்கிற இடத்தில் பணிவாக இரு.

3

இனி அந்தத் தொலைபேசிப் பெண்ணுக்கு வருவோம். நம்மூர் எஸ்.டி.டி. பூத்தை நினைத்துக்கொண்டால் போதும், பாதி புரிந்துவிடும். கிராமீன் வங்கியில் கடன் வாங்கி ஒரு செல்போன் வாங்குவாள். நிமிஷங்களை மொத்த விலைக்கு எடுத்து ஊருக்குச் சில்லறைக்கு விற்பாள். வளைகுடாவில் வேலைக்குப் போன மகன் பணம் அனுப்பினானா, சந்தையில் என்ன விலை, டாக்டர் இருக்கிறாரா — இதற்கெல்லாம் பஸ் ஏறிப் போனவர்கள் அவள் வீட்டுத் திண்ணைக்கு வந்தார்கள். வழக்கமாகப் பெண்கள் அடுத்தவர் வாசலுக்குப் போய்த்தான் காத்திருக்க வேண்டும். இங்கே ஊர் ஆம்பிளைகள் ஒரு ஏழைப் பெண்ணின் வாசலில் உட்கார்ந்து காத்திருந்தார்கள். இந்தச் சிறு தலைகீழாக்கத்தைக் கோட்பாட்டைக் காட்டி அலட்சியப்படுத்தக் கூடாது. அது நடந்தது.

ஆனால் அது எதன்மேல் நின்றது? ஊரில் வேறு போன் இல்லை என்பதன்மேல். இரண்டாயிரங்களின் நடுவில் தொலைபேசிப் பெண்களின் எண்ணிக்கை இரண்டு லட்சத்தைத் தாண்டியது. அதே சமயத்தில் போட்டிக் கம்பெனிகள் வந்தன, கைபேசி விலை விழுந்தது, பேசுகிற விலையும் விழுந்தது. ஊரில் ஆளுக்கொரு போன். அவள் வருமானம் சரிந்தது. கம்பெனிக்கு இதில் நஷ்டமில்லை. முன்பு அவள் மூலமாகப் பேசினவர்கள் இப்போது நேரடி வாடிக்கையாளர்கள். கிராமத்தில் போனுக்குச் சந்தை இருக்கிறது என்று நிரூபித்துக் காட்டியது அவள். அதைக் கடன் வாங்கி நிரூபித்தாள். ஒரு கம்பெனி புதுச் சந்தையைச் சோதித்துப் பார்க்கச் செலவழிக்க வேண்டிய பணத்தில் ஒரு பங்கை அவள் வட்டியோடு கட்டியிருக்கிறாள். இதுதான் அடக்க விலை.

தோழர்கள் சிலர் கேட்கலாம்: 'அட, எல்லாருக்கும் போன் வந்தது நல்லதுதானே, ஒரு இடைத்தரகர் போனதுக்கா ஒப்பாரி?' நியாயமான கேள்வி. அவள் தொழில் போனதற்கு நான் அழவில்லை. தொழில்கள் போகும். பிரச்சினை 'நிலைபேறு' என்ற சொல்லில் இருக்கிறது. நிலைபெற்றது யார்? கடனை ஏற்றவள் நிலைக்கவில்லை, கடனில்லாமல் கற்றுக்கொண்ட கம்பெனி நிலைத்தது. அவள் இல்லாமல்போன பிறகும் அவள் படம் மட்டும் உலகம் முழுக்க மாநாடுகளிலும் பாடப்புத்தகங்களிலும் ஓடிக்கொண்டிருந்தது. குறிப்பீடு செத்துவிட்டது, குறிப்பான் மட்டும் சம்பாதிக்கிறது.

4

செல்போன் காற்றில் வருகிறது என்பது நம் பொதுப்புத்தி. காற்றில் வருவதற்கு முன் அது இரும்புக் கோபுரத்தில் நிற்கிறது. இரும்பு துருப்பிடிக்காமலிருக்க அமிலத் தொட்டியில் முக்கித் துத்தநாகம் பூச வேண்டும். 2008இல் டென்மார்க்கின் டாம் ஹைனமான் எடுத்த ஆவணப்படம் ஒன்று கிராமீன்போனுக்குக் கோபுரங்கள் செய்துகொடுத்த பட்டறைகளுக்குள் போனது. அங்கே சிறுவர்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். அமிலத் தொட்டியில் விழுந்து ஒரு தொழிலாளி இறந்திருந்தார். நார்வேயில் பெரிய சத்தம் எழுந்தது. எங்களுக்குத் தெரியாது என்றது டெலினார். பிறகு சப்ளையர்களைச் சோதிக்கும் ஏற்பாடுகள் வந்தன. வந்தது நல்லது. ஆனால் வரிசையைக் கவனியுங்கள்: கேமரா போன பிறகுதான் கம்பெனிக்குக் கண் வந்தது.

கோபுரம் கம்பெனியுடையது, பட்டறை சப்ளையருடையது. கோபுரத்தின் எல்லைக்குள் வருகிற கடைசிக் குடிசையை எண்ணுகிற கணக்கில், அந்தக் கோபுரத்தைச் செய்து செத்தவன் எல்லைக்கு வெளியே. இது அடக்கத்தின் மூன்றாவது அர்த்தம். சொல்லாடலுக்குள் அவன் அடக்கம் செய்யப்பட்டான்.

5

நான்காவது அர்த்தத்துக்கு விளக்கம் அதிகம் தேவையில்லை. 2024 ஜூலையில் வங்கதேச மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். 1971 விடுதலைப் போராளிகளின் வாரிசுகளுக்கு அரசு வேலையில் 30 சதம் என்ற ஒதுக்கீட்டை எதிர்த்துத் தொடங்கிய போராட்டம் அது. ஜூலை 18இல் நாடு முழுக்க மொபைல் இணையம் அறுந்தது. 28ஆம் தேதிதான் திரும்பி வந்தது. ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2025 பிப்ரவரியில் வெளியிட்ட அறிக்கை, 2024 ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 15 வரை 1,400 பேர்வரை கொல்லப்பட்டிருக்கலாம் என்கிறது. அந்த மரணங்களில் பல, இணைப்பு இல்லாத அந்த இருட்டில் நடந்தவை. 1997இல் முதல் போன் பேசிய அதே ஹசீனாவின் அரசுதான் இணைப்பை அறுத்தது. ஆகஸ்ட் 5இல் அவர் நாட்டைவிட்டு ஓடினார். 8ஆம் தேதி இடைக்கால அரசின் தலைமை ஆலோசகராகப் பொறுப்பேற்றவர் யூனுஸ்.

அணைத்தது கிராமீன்போன் மட்டுமல்ல, எல்லாக் கம்பெனிகளும்தான். அரசு சொன்னது, உரிமத்தில் அப்படி எழுதியிருக்கிறது, நாங்கள் என்ன செய்ய முடியும் என்பார்கள். பொய்யில்லை. நான் சொல்ல வருவதும் அதுதான். உள்ளே கொண்டுவரப்பட்ட ஒவ்வொருவரோடும் ஒரு சுவிட்சும் சேர்ந்தே வருகிறது. அது அவர் கையில் இல்லை. கோடிக்கணக்கான பேர் தனித்தனியாகத் திண்ணையில் பேசிக்கொண்டிருந்த காலத்தில் அவர்களை ஒரே நொடியில் ஊமையாக்க எந்த அரசாலும் முடியாது. 'இணைக்கப்பட்டோர்' என்று அறிக்கை பெருமையோடு போடுகிற எண்ணிக்கை, ஒரே உத்தரவில் வாய் பொத்தப்படக்கூடியவர்களின் எண்ணிக்கையும்கூட.

இதே டெலினார் மியான்மரிலும் இருந்தது. 2014இல் சேவை தொடங்கியது. 2021 பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. ஜூலையில் கம்பெனி தன் வியாபாரத்தை லெபனானின் எம்1 குழுமத்துக்கு 10.5 கோடி டாலருக்கு விற்பதாக அறிவித்தது. 2022 மார்ச்சில் விற்பனை முடிந்தது. ஒரு கோடியே எண்பது லட்சம் வாடிக்கையாளர்களின் விவரங்களும் கூடவே கைமாறின. யார் யாரோடு எப்போது பேசினார் என்ற பதிவுகள் ராணுவத்தின் கைக்குப் போகும் என்று 474 சிவில் அமைப்புகளின் சார்பில் நார்வேயில் புகார் கொடுக்கப்பட்டது. உத்தரவை மீறினால் எங்கள் ஊழியர்களுக்கு ஆபத்து என்றது கம்பெனி. அதுவும் பொய்யில்லை. ஆனால் கம்பெனிக்கு வெளியேறுகிற வழி இருந்தது. உள்ளடக்கப்பட்டவனுக்கு அது இல்லை.

6

அப்படியானால் போன் வேண்டாமா? அப்படிச் சொல்கிறவன் முட்டாள். என் வாதம் கணக்கைப் பற்றியது. உள்ளே வந்தவர்களை எண்ணுகிற அறிக்கை வேறு சிலவற்றையும் எண்ணட்டும். வருஷத்தில் எத்தனை நாள் இணைப்பை அணைத்தோம், யார் உத்தரவில். எங்கள் கோபுரத்துக்காக யாருடைய பட்டறையில் யார் செத்தார். எங்கள் பெயரில் கடன் வாங்கியவர்கள் இப்போது என்ன செய்கிறார்கள். நாங்கள் மூட்டை கட்டினால் உங்கள் விவரங்களை எங்கே விட்டுவிட்டுப் போவோம். இந்த நாலு பத்தியும் இருக்கிற அறிக்கையை நிலைபேற்று அறிக்கை என்று ஒத்துக்கொள்ளலாம். அதுவரைக்கும் அது படம் போட்ட விளம்பரம். அதில் சிரிக்கிற பெண்ணிடம் யாராவது போய், 'அந்தக் கடன் அடைஞ்சுதாம்மா?' என்று கேட்டுவிட்டு வரட்டும். விமரிசனத்தை அங்கிருந்து தொடங்கலாம்.