இல்லறம் இழந்த மாவீரர்கள்

சித்திரக்கதை என்றதும் முகஞ்சுளிக்கும் பெற்றோர் நம்மிடையே இன்னும் பலர் உளர். பாடப் புத்தகத்தின் நடுவே ஒளித்துவைத்துப் படிக்கப்படும் பொருள் என்ற அளவிலேயே அதனை அவர்கள் அறிவர். ஆயினும், ஜெர்ரி சீகல், ஜோ ஷஸ்டர் என்னும் இரண்டு இளைஞர்கள் படைத்த சூப்பர்மேன் 1938-ஆம் ஆண்டில் அச்சேறியது முதல் இன்றுவரை, அமெரிக்க மாவீரர் சித்திரக்கதைகள் தலைமுறை தலைமுறையாக வளர்ந்து வந்திருக்கின்றன. ஒரே நாயகனின் கதையைப் பல ஆசிரியர்கள் எழுதுகிறார்கள். பல ஓவியர்கள் வரைகிறார்கள். பாட்டன் படித்த நாயகனைப் பேரனும் படிக்கிறான். நாயகனுக்கு மட்டும் வயது ஏறுவதில்லை. இத்துணை நீண்ட ஆயுளும் இத்தனை வாசகரும் உடைய ஓர் இலக்கிய வகையைத் திறனாய்வுக்கு உட்படுத்தாமல் ஒதுக்குவது முறையன்று.

திறனாய்வுக்கு அளவுகோல் வேண்டும். நமக்கு அதனை வெளியிலிருந்து கடன் வாங்க வேண்டிய தேவையில்லை. வாழ்க்கையை அகம், புறம் எனப் பகுத்த தொல்காப்பியர், அவ்விரண்டையும் தொடர்பற்ற இரு தீவுகளாக விட்டுவிடவில்லை. ஒவ்வொரு புறத்திணைக்கும் இணையான ஓர் அகத்திணை உண்டு என்று காட்டினார். மன்னன் படையெடுத்துச் செல்லும் வஞ்சித்திணை, மனைவி இல்லத்தில் காத்திருக்கும் முல்லைத்திணைக்குப் புறனாக அமைகிறது. எத்துணை நுட்பமான இணைப்பு! ஒருவன் போர்க்களம் புகுந்தான் என்றால், அந்நேரமே ஒருத்தி வாயிலை நோக்கி அமர்ந்திருக்கிறாள். ஒன்றின்றி மற்றொன்று முழுமை பெறாது. நப்பூதனாரின் முல்லைப்பாட்டு பாசறையையும் அரண்மனையையும் ஒரே பாட்டில் அருகருகே வைத்துக் காட்டுவது இதனாலேயே.

இந்த அளவுகோலைக் கையில் கொண்டு மாவீரர் சித்திரக்கதைகளை அணுகினால், அவற்றின் பெருங்குறை உடனே புலப்படும். அவை பெரும்பாலும் முல்லை இல்லாத வஞ்சி. 1939-இல் தோன்றிய பேட்மேன் பெற்றோரைப் பறிகொடுத்தவன். பெரிய மாளிகையில் தனித்து வாழ்பவன். ஆங்கிலேயர் படைத்து, 1972-இல் முத்து காமிக்ஸ் வாயிலாகச் சிவகாசியிலிருந்து நம் கைகளுக்கு வந்த இரும்புக்கை மாயாவிக்கும் திரும்பிச் செல்ல ஒரு வீடு இருந்ததாக நினைவில்லை. சிறு வயதில் நாம் அதைக் குறையாகக் கருதவில்லை. வில்லன் பிடிபட்டானா என்பதே அப்போது நமக்கு முதன்மையாக இருந்தது.

இந்த மரபில் ஒரு பெரிய மாறுதலை உண்டாக்கியவன் ஸ்பைடர்மேன். 1962-இல் ஸ்டான் லீ, ஸ்டீவ் டிட்கோ இருவரும் படைத்த பீட்டர் பார்க்கர், பணமுடை உள்ள பையன். வளர்த்த சிற்றப்பா கொலையுண்டார், சிற்றன்னை நோயாளி. வில்லனை வீழ்த்திவிட்டு வீடு திரும்பினாலும், கட்டவேண்டிய பணத்தின் கவலை அவனுக்காகக் காத்திருக்கும். வாசகர் இவனை உள்ளத்தில் ஏற்றிக்கொண்டது, சுவரில் ஏறும் திறத்துக்காக மட்டுமன்று. வீட்டுக் கதவைத் திறந்ததும் அவனும் நம்மைப் போன்றவனாகிவிடுகிறான் என்பதற்காகவே.

இத்தகையவன் வளர்ந்து மணம் புரிவது இயல்பே. 1987-ஆம் ஆண்டில் பீட்டருக்கும் மேரி ஜேனுக்கும் திருமணம் நிகழ்ந்தது. நியூயார்க் நகரின் ஷே விளையாட்டரங்கில் நடிகர்களைக் கொண்டு அத்திருமணத்தை நடத்திக் காட்டி, ஸ்டான் லீ தாமே முன்னின்று மணம் முடித்துவைத்தார். இருபது ஆண்டுகள் அவ்விணையர் இல்லறம் நடத்தினர். அதன்பின் 2007-இல் வெளிவந்த கதை ஒன்று அந்த இல்லறத்தை அடியோடு துடைத்தெறிந்தது. துப்பாக்கிக் குண்டு பாய்ந்து சாகும் நிலையில் கிடந்த சிற்றன்னையைக் காப்பாற்ற, மெஃபிஸ்டோ என்னும் தீய சக்தியுடன் கணவனும் மனைவியும் உடன்படிக்கை செய்துகொள்கிறார்கள். விலையாகக் கேட்கப்படுவது பொன்னன்று, உயிரன்று, அவர்களுடைய திருமணம். அது நிகழவேயில்லை என்று உலகம் மாற்றியெழுதப்படுகிறது. அவர்களுக்கே அந்த நினைவு அழிந்துபோகிறது.

இக்கதையின் பின்னணியில் பதிப்பகத்தின் கொள்கை ஒன்று இருந்தது. அப்போதைய தலைமைப் பதிப்பாசிரியர் ஜோ கேசாடா, மணமான நாயகன் வயது முதிர்ந்தவனாகத் தோன்றுவான் என்றும், மணவிலக்கு அவனை இன்னும் முதியவனாக்கும் என்றும் கருதினார். இதில் சிறிதும் நியாயம் இல்லை என்று கூறமாட்டேன். ஆண்டுதோறும் புதிய இளைஞர்கள் வாசகராக வரவேண்டும்; அவர்கள் தம்மையே நாயகனிடம் காணவேண்டும்; காதல் கைகூடுமா என்னும் ஐயம் கதைக்குச் சுவையூட்டும். வாணிகம் செய்வோர் இவற்றை எண்ணித்தான் ஆகவேண்டும். ஆனால் இலக்கியக் கணக்கில் இவ்வாதம் நிற்காது. திருமணத்தோடு கதை முடிந்துவிடும் என்பது திரைப்படம் கற்றுத்தந்த பழக்கம். நம் சிலப்பதிகாரமோ கோவலன், கண்ணகி திருமணத்தில்தான் தொடங்குகிறது. மதுரையை எரித்த அந்தப் பெருங்கதைக்கு அடித்தளம் ஓர் இல்லறமே. மணவாழ்வில் கதை இல்லை என்று கூறுவது, எழுதுவோரின் கற்பனை வறட்சியை நாயகன் தலையில் சுமத்துவதாகும்.

மேலும், அமெரிக்கச் சித்திரக்கதையிலேயே இதற்கு மறுப்பு உண்டு. 1961-இல் தோன்றிய ஃபென்டாஸ்டிக் ஃபோர் குழுவில் ரீட் ரிச்சர்ட்சும் சூவும் 1965-இல் மணந்தனர். 1968-இல் மகன் பிறந்தான். அதன்பின்னும் அக்கதை தளரவில்லை. குடும்பமே அதன் உயிர்நிலை ஆயிற்று. 1964-இல் தொடங்கிய இந்திரஜால் காமிக்ஸ் வாயிலாக இந்திய இல்லங்களில் புகுந்த, லீ ஃபாக்கின் ஃபேண்டமை எண்ணிப் பாருங்கள். தந்தைக்குப்பின் மகன் என முகமூடி தொடர்ந்து வருவதால், அந்த வீரனுக்கு மணம் ஒரு கடமையே. 1977-இல் அவன் டயானாவை மணந்தான். இரட்டைக் குழந்தைகளும் பிறந்தன. முகமூடியின் அச்சம் அதனால் குறைந்ததாக எந்த வில்லனும் கூறவில்லை!

ஆயினும் பெரும் பதிப்பகங்கள் இரண்டும் வீட்டை வெறுக்கும் பழக்கத்தை எளிதில் விடவில்லை. 1996-இல் சூப்பர்மேனுக்கும் லோயிஸ் லேனுக்கும் நிகழ்ந்த திருமணம், 2011-இல் கதையுலகத்தை முற்றிலும் புதிதாகத் தொடங்கியபோது இல்லாமற்போனது. 2016-இல் அவர்கள் மனைவி, மகனோடு கூடிய குடும்பமாகத் திரும்பினர். பள்ளி செல்லும் சிறுவன் ஜானுக்குத் தந்தை பறக்கக் கற்பிக்கும் கதைகள் அக்காலத்தின் மிகச் சிறந்த பக்கங்கள் என்பது என் துணிபு. அந்த இன்பமும் நீடிக்கவில்லை. 2018-இல், பாட்டனுடன் விண்வெளிக்குச் சென்ற பத்து வயதுச் சிறுவன், பூமிக் கணக்கில் சில வாரங்களிலேயே பதினேழு வயது இளைஞனாகத் திரும்பிவந்தான். ஏழாண்டு வளர்ச்சியைப் பெற்றோர் காணவே இல்லை. மகனை இளம் வீரனாக்கும் அவசரத்தில், குழந்தைப் பருவம் என்னும் செல்வத்தை ஆசிரியர்கள் வீசியெறிந்தார்கள்.

அதே 2018-இல் பேட்மேனுக்கும் கேட்வுமனுக்கும் மணநாள் குறிக்கப்பட்டது. ஆசிரியர் டாம் கிங் பல மாதங்களாக அந்த நாளை நோக்கிக் கதையை நடத்திச் சென்றார். ஐம்பதாம் இதழில் மணப்பெண் வராமல் விலகிவிடுகிறாள். துயரமே அவனை வீரனாக்கியது, மகிழ்ந்து வாழ்பவன் ஊரைக் காக்கமாட்டான் என்பது அவளுடைய எண்ணம். இது ஒரு பாத்திரத்தின் கூற்றாக இருக்கும்வரை பிழையில்லை. ஆனால் மாவீரர் கதைகளின் எழுதப்படாத சட்டமே இதுதான் என்பதை அந்த இதழ் வாய்விட்டுச் சொல்லிவிட்டது. கடமையும் வீடும் ஒன்றுக்கொன்று பகை; ஒன்றைப் பெற மற்றொன்றைத் துறக்க வேண்டும் என்பதே அச்சட்டம்.

இந்தச் சட்டத்தை மீறியதால்தான், 2024 ஜனவரியில் தொடங்கிய 'அல்டிமேட் ஸ்பைடர்மேன்' தொடரை நான் பெரிதும் போற்றுகிறேன். எழுதியவர் ஜொனாதன் ஹிக்மன். முதன்மை ஓவியர் மார்கோ கெக்கெட்டோ. இது தனியான வேறோர் உலகத்தில் நிகழும் கதை. இங்குள்ள பீட்டரை இளமையில் கடிக்கவேண்டிய சிலந்தி கடிக்காமற்போனது. அவனுக்கு உரிய விதியை ஒருவன் களவாடிவிட்டான். எனவே அவன் சாதாரணமாக வளர்ந்தான். நாளிதழ் அலுவலகத்தில் பணியாற்றினான். மேரி ஜேனை மணந்தான். ஒரு மகனுக்கும் ஒரு மகளுக்கும் தந்தையானான். முப்பது வயதைக் கடந்தபின் அந்த ஆற்றல் அவனைத் தேடி வருகிறது. வேண்டுமா, வேண்டாவா என்று முடிவு செய்யும் உரிமையும் உடன் வருகிறது.

வேறுபாட்டை நோக்குக. 1962-இன் பீட்டருக்கு ஆற்றல் விபத்தாக வந்தது. இழப்பு அவனுக்குக் கடமையைக் கற்பித்தது. 2024-இன் பீட்டரோ இழப்பதற்கு அனைத்தும் இருக்கும்போதே கடமையைத் தேர்ந்தெடுக்கிறான். எவன் வீரம் பெரிது? இழக்க ஒன்றும் இல்லாதவன் துணிவதைக் காட்டிலும், வாயிலில் மனைவியும் மக்களும் நிற்க ஒருவன் துணிவது மும்மடங்கு அரிது. வஞ்சிக்கு முல்லை திரும்பக் கிடைத்துவிட்டது.

இத்தொடரின் சுவையெல்லாம் சிறு நிகழ்ச்சிகளில் உள்ளது. அவன் அணியும் உடையைப் பற்றிக் கருத்துச் சொல்பவள் சிறுமியான அவன் மகள். நான்காம் இதழின் பெரும்பகுதியில் இரண்டு தம்பதியர் உணவு மேசையில் அமர்ந்து உரையாடுகிறார்கள்; அந்த உரையாடலே சண்டைக் காட்சியைக் காட்டிலும் நம்மைப் பிணித்து வைக்கிறது. பழைய கதையில் மாண்ட சிற்றப்பா இங்கே உயிருடன் இருக்கிறார், சிற்றன்னைதான் மறைந்துவிட்டார். துணையை இழந்த முதியவரின் வெறுமை, மாவீரர் கதையில் இத்துணை மென்மையாகச் சொல்லப்பட்டு நான் கண்டதில்லை. முதல் இதழ் பலமுறை மறு அச்சுக் கண்டது. மணமான நாயகனை எவரும் வாங்கமாட்டார் என்ற அச்சத்துக்கு வாசகர்கள் அளித்த விடை அது.

குறைகளும் இல்லாமலில்லை. மாதம் ஓர் இதழ் என்னும் கணக்கிலேயே கதைக்குள்ளும் காலம் நகர்வதால், குடும்பத்தின் முதன்மையான தருணங்கள் சில இரண்டு இதழ்களுக்கு இடையே நழுவிவிடுகின்றன. மேரி ஜேன் அறிவும் ஆற்றலும் உடையவளாக வருகிறாள். தனக்கென ஒரு தொழிலும் நடத்துகிறாள். எனினும் கணவன் வெளியே சென்ற இரவில் அவள் உள்ளம் என்ன பாடுபட்டது என்பதற்குப் போதிய பக்கங்கள் இல்லை. முல்லையைப் பாடவந்த புலவர் தலைவியை அரைகுறையாக விட்டுவிடலாமா? பிற தொடர்களோடு கோக்கப்பட்ட பெரும்போர்க் கதை பின்னர்த் தலைதூக்கும்போது, உணவு மேசை மெல்ல மெல்லப் பின்னுக்குத் தள்ளப்படுவதும் வருத்தத்துக்கு உரியது.

2024 அக்டோபரில் ஸ்காட் ஸ்னைடர் எழுத, நிக் டிராகோட்டா வரையத் தொடங்கிய 'அப்சல்யூட் பேட்மேன்' தொடரும் இவ்வகையில் கருதத்தக்கது. இங்குள்ள பேட்மேனுக்கு மாளிகை இல்லை, செல்வமும் இல்லை. உழைத்துப் பிழைக்கும் பொறியாளன். ஆசிரியரான தந்தை கொல்லப்பட்டார். தாய் உயிருடன் இருக்கிறாள். எண்பத்தைந்து ஆண்டுகளாக அநாதையாகவே அறியப்பட்டவனுக்குத் தாயை மீட்டுக்கொடுத்தது சிறிய செயலன்று. இத்தொடரில் வன்முறை மிகுதி; குருதி தோய்ந்த பக்கங்கள் பல. சிறுவர் கையில் கொடுக்குமுன் பெற்றோர் ஒருமுறை புரட்டிப் பார்ப்பது நன்று.

இவ்வளவு கூறுவதற்கு, கதைச்சுவை மட்டும் காரணமன்று. வடபுலத்தில் வாழும் நம் குடும்பங்களை எண்ணிப் பார்ப்போம். இடமாற்ற ஆணை வந்ததும் மூட்டை கட்டுகிறோம். புதிய ஊரில் வீடு தேடுவதும், பள்ளியில் இடம் தேடுவதும், மொழி தெரியாத கடைத்தெருவில் காய்கறி வாங்குவதும் எவருடைய தோளில் விழுகின்றன என்பது ஒவ்வொரு வீட்டுக்கும் தெரியும். கடமை அலுவலகத்தில் மட்டும் நிகழ்வதாகவும், வீடு அதற்கு இடையூறு எனவும் கூறும் கதைகளையே நம் பிள்ளைகள் படித்து வளர்ந்தால், தாயின் உழைப்பை அவர்கள் எந்தக் கணக்கில் எழுதுவார்கள்? வள்ளுவர் அறத்துப்பாலில் துறவறத்துக்கு முன்னே இல்லறத்தை வைத்தார். உலகைத் துறந்தவனுக்கும் இல்லத்தானே துணை என்று கண்ட மரபு நம்முடையது.

எனவே, பிள்ளைகளின் கையிலிருந்து சித்திரக்கதையைப் பறிக்க வேண்டா. அருகில் அமர்ந்து, ஒரு வினாவை மட்டும் கேளுங்கள்: "இவன் ஊரைக் காக்கப் பறந்துபோனானே, இவனுக்காக வீட்டில் விழித்திருப்பவர் யார்?" அந்த வினாவுக்கு விடை சொல்லும் கதையே நல்ல கதை. விடை இல்லாத கதை எத்துணை வண்ணத்தில் அச்சிடப்பட்டாலும் பாதிக் கதையே. மணவாழ்வை விலைபேசி விற்ற 2007-இன் கதையையும், மணவாழ்விலிருந்தே வீரத்தைத் தொடங்கிய 2024-இன் கதையையும் ஒருசேரப் படிக்கும் பிள்ளை, இவ்வேறுபாட்டைத் தானே கண்டுகொள்ளும்.