2,500 டாலரில் ஒரு தேடல்

1940-இல் தொடங்கிய அமெரிக்கப் பொருளாதார வரலாற்றுச் சங்கம், முனைவர் பட்ட ஆய்வைத் தொடங்கும் மாணவர்களுக்கு 2,500 டாலர் வரையிலும், பட்டம் பெற்றவர்களுக்கு ஆர்தர் கோல் பெயரில் 5,000 டாலர் வரையிலும் நல்கை தருகிறது. அரசு அறக்கட்டளைகள் தரும் தொகைகளுக்கு முன் இது சில்லறைக் காசு. ஆனால் இத்துறையின் செலவே விமானச் சீட்டும் ஒரு மாத வாடகையும்தான். டெக்சாஸில் படிக்கும் ஒருவர், நிலக் குத்தகை பற்றி அறிய சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கு வருவதாக வைத்துக்கொள்வோம். ஊர்வாரிக் கணக்கு இருக்கிறதா, எந்தப் பசலி ஆண்டோடு அறுந்துபோகிறது, பூச்சி அரித்தது போக மிச்சம் என்ன என்பதெல்லாம் கட்டை அவிழ்த்தால்தான் தெரியும். பெரிய நல்கை கேட்பவரோ இன்ன தரவு, இத்தனை ஊர் என்று முன்கூட்டியே எழுதியாக வேண்டும். அப்படி எழுதுவதற்கே முதலில் ஒரு பயணம் தேவை. சிறு நல்கைக்கான நியாயம் இந்தப் பயணத்தில்தான் இருக்கிறது.

சிறு தொகையைப் பலருக்குப் பிரித்துக் கொடுத்தால் எவருக்கும் உதவாது என்பது பழைய ஆட்சேபம். கனடாவில் ஃபோர்டினும் கரியும் 2013-இல் வெளியிட்ட ஆய்வு வேறு விதமாகச் சொல்கிறது: நல்கை பெருகும் அளவுக்கு ஆய்வின் தாக்கம் பெருகவில்லை. அது இயற்கை அறிவியலைப் பற்றியது, உண்மை. ஆனால் நம் துறைக்குள்ளேயே சான்று உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் கில்பர்ட் ஸ்லேட்டர், 1916 வாக்கில் மாணவர்களை வினாப்பட்டியலோடு கிராமங்களுக்கு அனுப்பினார். 1918-இல் நூலான அந்தக் கணக்கெடுப்பில் இடம்பெற்ற இருவேல்பட்டு கிராமத்தை, 2008 வரை ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பச் சென்று ஆராய்ந்திருக்கிறார்கள். தொண்ணூறு ஆண்டுத் தொடர்ச்சிக்கு வித்திட்டது மாணவர்களின் கிராமப் பயணம்.

சிறு நல்கையின் குறை தேர்வுமுறையில் இருக்கிறது. தேடிப் பார்க்கத் தரும் பணத்துக்கு, கண்டுபிடித்துவிட்டவரைப் போல எழுதப்பட்ட விண்ணப்பமே எடுபடுகிறது. பிரின்ஸ்டனிலோ ஸ்டான்போர்டிலோ படிப்பவருக்கு அப்படி எழுதக் கற்றுத்தர நெறியாளர்கள் இருக்கிறார்கள். துறையிலேயே பயணப் பணமும் கிடைக்கக்கூடும். சிறிய மாநிலக் கல்லூரியில் இருப்பவருக்கு இரண்டும் அரிது. இளம் ஆய்வாளர்களைப் பற்றிய 2018-ஆம் ஆண்டின் நெதர்லாந்து ஆய்வில், மதிப்பெண் கோட்டை மயிரிழையில் தாண்டியவர்கள், மயிரிழையில் தவறவிட்டவர்களைவிட அடுத்த எட்டாண்டுகளில் இரண்டு மடங்குக்கும் மேலான ஆய்வுப் பணம் பெற்றிருந்தார்கள். முதல் வெற்றி குட்டி போடுகிறது. ஆகவே தகுதிக் கோட்டைத் தாண்டியவர்களிடையே சீட்டுக் குலுக்கலாம் என்பது என் கருத்து. பிரிட்டிஷ் அகாதெமி தன் சிறு நல்கைகளில் 2022-இல் இதைச் சோதிக்கத் தொடங்கியது. புலமையைச் சூதாட்டமாக்குகிறோமா? இல்லை. நடுவரால் பதரைப் புடைத்தெடுக்க முடியும். ஆனால் தரவரிசையில் பன்னிரண்டாம் விண்ணப்பத்துக்கும் பதின்மூன்றாவதுக்கும் இடையிலான வித்தியாசம் பெரும்பாலும் அவரவர் ருசி.

ஒன்றும் கிடைக்காமல் திரும்புகிறவர்களை என்ன செய்வது? அவர்களிடமிருந்தும் ஒரு பக்க அறிக்கை வாங்கிச் சங்கம் வெளியிட வேண்டும். இந்தத் தாலுகாவுக்கு இன்ன பசலிக் கணக்கு எழும்பூரில் இல்லை என்று அதில் எழுதியிருந்தால், நியூ ஜெர்சியிலிருந்து கிளம்பவிருக்கும் அடுத்த மாணவர் அந்த 2,500 டாலரோடு வேறொரு காப்பகத்துக்குப் போவார்.