பாண்டிருப்பில் நடக்கும் பாரதம்

கல்முனைக் கடைத்தெருவின் நெரிசலைக் கடந்து மட்டக்களப்பு நெடுஞ்சாலையில் வடக்கே சிறிது தூரம் சென்றால் பாண்டிருப்பை அடையலாம். முஸ்லிம் ஊர்களான கல்முனைக்குடிக்கும் மருதமுனைக்கும் இடைப்பட்ட தமிழூர் அது. அங்குள்ள திரௌபதை அம்மன் கோயிலைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அதன் தோற்றத்தைத் தேடுவதிலேயே தாளைத் தீர்த்துவிடுகின்றனர். பாரத ஏட்டுடன் வந்த தாதன், அவனை ஆதரித்த எதிர்மன்னசிங்கன், 'பாண்டவர் இருப்பு' பாண்டிருப்பாயிற்று என்னும் ஊர்ப்பெயர் விளக்கம் ஆகியவையே திரும்பத் திரும்ப வருகின்றன. ஐதிகத்தை ஐதிகமாக மதிப்பதில் நமக்குத் தடையில்லை. அரசனைக் காட்டினாலன்றிக் கோயிலுக்குப் பெருமையில்லை என்னும் எண்ணத்தை மட்டும் நாம் ஏற்பதற்கில்லை.

புரட்டாதியில் 18 நாள் நடைபெறும் விழாவே இக்கோயிலின் உயிருள்ள வரலாறு. நோன்பு நோற்ற ஊரவர் பாண்டவராகவும் திரௌபதையாகவும் கோலம் புனைந்து வனவாசம் செல்கின்றனர், தெருவே காடாகிறது. அருச்சுனன் தவநிலைக்குப் பின் தீமிதிப்பு. மேடையில்லை, திரையில்லை, நுழைவுச்சீட்டில்லை. சேக்சுபியரின் நாடகங்களைத் தமிழ் நாடக இலக்கணத்தோடு வைத்து ஆராய்ந்து 'மதங்க சூளாமணி' எழுதிய விபுலானந்தரின் காரைதீவு இங்கிருந்து தொலைவில் இல்லை. இருந்தும், உழைக்கும் மக்களின் இந்நாடகத்தைச் 'சடங்கு' என்ற ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுவோர் உளர். பகுத்தறிவு பேசும் நம்மவரும் அவர்களுள் அடங்குவர்.

விழாவைப் பற்றியும் நமக்கொரு குறை உண்டு. தீமிதிப்புக்குத் திரளும் பெருங்கூட்டத்தில் கதையின் கூரிய இடங்கள் மறைந்து போகின்றன. தன்னையே சூதில் தோற்றவன் என்னைப் பணயம் வைத்தது எங்ஙனம் என்று திரௌபதை சபையைக் கேட்டாளே, அக்கேள்வி தீக்குழியின் வெம்மைக்குக் குறைந்ததன்று. ஐந்து ஊர் கேட்டவர்க்கு ஊசிமுனை நிலமும் இல்லையென்ற துரியோதனனின் மறுப்போ, இப்பகுதிக்குப் பழங்கதையே அன்று. கல்முனை வடக்குப் பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்தும் கோரிக்கையை ஒட்டி, 2019 ஜூனில் ஒருபுறம் உண்ணாவிரதமும் மறுபுறம் எதிர்ச் சத்தியாக்கிரகமும் நடந்தன. மருதமுனை நெசவாளியும் பாண்டிருப்புக் கூலியாளும் ஓர் எல்லைக்கோட்டின் இருபுறமும் எதிரெதிரே நிறுத்தப்பட்டனர். துரியோதனன் யாரென்று கேட்டால் ஒவ்வொரு தரப்பும் மற்றதையே சுட்டும். பாரதத்தில் வழக்காடியவர்களோ ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

வகுப்பில் வில்லிபாரதம் கற்பிக்கும் நாம் அடுத்த புரட்டாதியில் மாணவரைப் பாண்டிருப்புக்கு அழைத்துச் செல்லலாம். விரும்பும் மருதமுனை மாணவரும் உடன் வரட்டும். தீமிதிப்பு நாளுக்கு அன்று, வனவாசம் தெருவழியே வரும் நாளுக்கு.