சைவ தூஷண பரிகாரம்: ஒரு கண்டன நூலின் தகுதியும் எல்லையும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் யாழ்ப்பாணம் கண்டன நூல்களுக்குப் பேர்பெற்ற இடம். துண்டுப் பிரசுரத்துக்கு மறுப்பும், மறுப்புக்கு மறுப்பும், அதனை மறுத்து வேறொன்றுமாக அக்காலத்து அச்சியந்திரங்கள் ஓயாது உழைத்தன. அவற்றுட் பெரும்பாலானவை பின்னர் நூலகத் தூசியில் ஒடுங்கின. அதனால் நேர்ந்த இழப்பும் பெரிதன்று. வசையும் எதிர்வசையும் காலங்கடந்து வாழ்தல் அரிது. ஆயினும், 1854ஆம் ஆண்டில் ஆறுமுக நாவலர் வெளியிட்ட சைவ தூஷண பரிகாரம் அவ்வரிசையில் வைத்து ஒதுக்கத்தக்கதன்று. சைவ உலகம் அதனைப் போற்றி வந்துள்ளது. போற்றிய அளவுக்குப் படித்ததா என்பது வேறு கேள்வி. நாவலரைப் பற்றிய மேடைப் பேச்சுக்களில் அந்நூல் பெரும்பாலும் ஒரு வாளாகவே காட்டப்படும். வாளுக்குரிய புகழும் வாளுக்குரிய பழியும் அதற்கு ஒருங்கே வந்து சேர்ந்தன. நூலின் பெயரையும் முறையையும் உற்று நோக்குவார்க்கு அதன் இயல்பு வேறாகத் தோன்றும்.

நூல் எழுந்த சூழலைச் சுருக்கமாகக் கூறின் அமையும். வெஸ்லியன் சங்கத்தார் 1814இலும் அமெரிக்க மிஷன் சங்கத்தார் 1816இலும் யாழ்ப்பாணத்துக்கு வந்து சேர்ந்தனர். வட்டுக்கோட்டைச் செமினரி 1823இலும், உடுவிற் பெண்கள் விடுதிப் பாடசாலை 1824இலும் தோன்றின. பின்னர் மானிப்பாயில் அச்சியந்திரசாலை ஏற்பட்டது; 1841இல் உதயதாரகை வெளிவரலாயிற்று. கல்வியையும் வைத்தியத்தையும் கொணர்ந்த கைகளே, குருட்டு வழி முதலிய பிரசுரங்களையும் வீடுவீடாகக் கொணர்ந்தன. திருவுருவ வழிபாடு, திருநீறு, தீர்த்தம், திருவிழா, கந்தபுராண படனம் ஆகிய யாவும் அறியாமையின் விளைவென்று அவை பழித்தன. சைவப் பெற்றோர் பிள்ளைகளை அப்பாடசாலைகளுக்கு அனுப்பினர். உத்தியோகத்துக்கு ஆங்கிலம் வேண்டியிருந்தது. படித்தவருட் பெரும்பகுதியினர் மனத்தாற் சைவராகவே இருந்தனர். இது மிஷனரிமாருக்கும் தெரியும். அமெரிக்காவிலிருந்து வந்த தூதுக்குழுவின் ஆராய்வுக்குப்பின் 1855இற் செமினரி மூடப்பட்டமைக்கு, உயர்தர ஆங்கிலக் கல்வி எதிர்பார்த்த அளவுக்கு மதமாற்றத்தை விளைக்கவில்லை என்ற எண்ணமும் ஒரு காரணம். ஆயினும் உள்ளே சைவராயிருந்து வெளியே வாய்மூடி நிற்கும் நிலை ஒரு சமூகத்துக்கு நலந்தருவதன்று. பழிக்கப்பட்ட பிள்ளைக்கு விடை தெரியவில்லை. வீட்டிலிருந்த பெரியோர்க்கும் அவ்வினாவின் மொழி தெரியவில்லை.

அம்மொழியை அறிந்தவர் நாவலர். 1822இல் நல்லூரிற் பிறந்த அவர், பேர்சிவல் பாதிரியாரின் வெஸ்லியன் பாடசாலையில் மாணவராயிருந்து பின் ஆசிரியருமானார். பாதிரியார் விவிலிய நூலைத் தமிழிற் பெயர்த்தபோது அவருக்குத் துணைநின்று பல்லாண்டு உழைத்தார். ஒரு நூலை மொழிபெயர்ப்பவனைப்போல் அதனை நெருங்கிப் படிப்பவன் வேறில்லை. விசுவாசத்தோடு படிப்பவன் விளங்காத இடத்தை வணங்கிக் கடந்து செல்லலாம். பகையோடு படிப்பவன் வேண்டாத பக்கங்களைத் தள்ளி விடலாம். மொழிபெயர்ப்பாளனுக்கு இவ்விரு சலுகையும் இல்லை. பலிபீடத்தின் அளவையும் ஆசாரியனின் அங்கியிலுள்ள மணியையும் அவன் சொற்சொல்லாகத் தூக்கிப் பார்த்தே ஆகவேண்டும். அம்மொழிபெயர்ப்பு 1850இற் சென்னையில் அச்சேறியது. ஆயின் திருச்சபைகளின் பொதுப் பயன்பாட்டில் அது நிலைக்கவில்லை. 1871இல் நிறைவுற்ற பவர் பாதிரியாரின் திருத்தமே அவ்விடத்தைப் பெற்றது. பேர்சிவல் எதிர்பாராத பயனொன்றை மட்டும் அம்முயற்சி தந்தது. 1848இல் நாவலர் அப்பாடசாலையை விட்டு நீங்கியபோது, விவிலியம் முழுவதும் அவர் நெஞ்சில் உடன் சென்றது. நூலிற் காணப்பட்ட விவிலிய அறிவைக் கண்டு வெஸ்லியன் மிஷனரிமாரே வியந்தமைக்குக் காரணம் இதுவே. அவர்கள் வியந்தது தங்கள் பாடசாலையின் விளைவைத்தான்!

கருவிகளும் அங்கிருந்தே பெறப்பட்டன. 1847ஆம் ஆண்டின் இறுதி நாளில் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் நாவலர் தொடங்கிய வெள்ளிக்கிழமைப் பிரசங்கம், ஞாயிற்றுக்கிழமைத் தேவாலயப் பிரசங்கத்துக்கு எதிரே வைக்கப்பட்ட கண்ணாடி. 1848இல் தோன்றிய சைவப்பிரகாச வித்தியாசாலையும், பின்னர் அவர் நிறுவிய அச்சியந்திரசாலையும், தெளிந்த வசனத்தில் எழுதப்பட்ட சிறு நூல்களும் அவ்வாறானவையே. இதனைக் குறையென்று கொள்வார் உளர். எதிரியின் படைக்கலத்தைக் கையாளப் பழகியவனை இரவலன் என்பது பொருந்தாது.

இனி நூலின் பெயரை நோக்குக. நாவலருக்கு முற்பட்ட தலைமுறையினரான சுன்னாகம் முத்துக்குமார கவிராயர் ஞானக்கும்மி, யேசுமத பரிகாரம் என்னும் நூல்களை இயற்றினார். அவை செய்யுளாயின, வாயாற் பாடிச் செவியாற் கேட்டு மகிழ்தற்குரியன. பரிகாரம் என்ற சொல் அவருக்கும் நாவலருக்கும் பொதுவாயினும் அது சேரும் இடம் வேறு. கவிராயரிடத்து நீக்கத்தக்க நோயாக நிற்பது யேசுமதம். நாவலரிடத்து நீக்கத்தக்கது தூஷணம் ஒன்றே. கிறிஸ்தவன் கிறிஸ்தவனாக இருத்தலை இந்நூலின் பெயர் மறுக்கவில்லை. சைவத்தைப் பழித்தலை மட்டும் மறுக்கின்றது. ஒரு சொல்லின் இடமாற்றத்தால் நேர்ந்த இவ்வேறுபாடு சிறியதன்று. நீர்வேலிச் சங்கர பண்டிதர் முதலிய பின்னையோரின் கண்டனங்களோடு இதனை ஒப்பிடுவார்க்கு நாவலரின் நிதானம் மேலும் விளங்கும். பிற இடங்களில் அவர் நிதானம் இழந்ததுண்டு. அவருடைய துண்டுப் பிரசுரங்களிற் சில காரம் மிக்கன.

நூலின் முறை சுருக்கமாக இது. சைவரின் எவ்வொழுக்கம் பழிக்கப்பட்டதோ, அதற்கு ஒத்த ஒழுக்கம் பழித்தவரின் வேதத்திலேயே விதிக்கப்பட்டிருத்தலை எடுத்துக் காட்டுதல். இம்முறையின் வலிமையை அறிய விவிலியத்தை விரித்தாற் போதும். யாத்திராகமத்தில் ஆசரிப்புக் கூடாரமும், குத்துவிளக்கும், தூபபீடமும், ஆசாரியரின் அங்கியும், அபிஷேக தைலமும் அளவோடும் விதியோடும் கூறப்படுகின்றன. யாக்கோபு தலைக்கு வைத்துத் துயின்ற கல்லை நாட்டி, அதன்மேல் எண்ணெய் வார்த்துத் தேவனுடைய வீடென்று வணங்கிய செய்தி ஆதியாகமத்தில் உண்டு. சிவந்த கிடாரியை எரித்த சாம்பலை நீரிற் கலந்து தீட்டுக் கழித்தல் எண்ணாகமத்தில் விதிக்கப்பட்டது. குட்டரோகியாகிய நாகமான் யோர்தானில் ஏழு முறை முழுகிச் சுத்தமடைந்தான். இவற்றையெல்லாம் தேவவாக்கென்று கையில் ஏந்திக்கொண்டு, திருநீற்றையும் தீர்த்தத்தையும் நகைப்பவன் எத்தகைய இக்கட்டில் அகப்படுகிறான் என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை. தருக்க நூலார் இதனை அபசித்தாந்தம் என்பர். தான் கொண்ட கொள்கைக்குத் தானே மாறுபடுதல் தோல்வித் தானங்களுள் ஒன்று. சிவஞான சித்தியாரின் பரபக்கத்திற் பழகிய மரபினர்க்குப் பிறர் கொள்கையை எடுத்து மறுத்தல் புதிதன்று. பிறருடைய பிரமாண நூலையே அதிகார எண்ணோடும் வாக்கிய எண்ணோடும் எடுத்துவைத்து வழக்காடல் புதிது. அதனால் இந்நூலைத் தமிழில் எழுந்த ஒப்பியற் சமய ஆராய்ச்சிக்கு ஒரு முன்னோடி என்றுங் கூறலாம். அவ்வெண்ணம் நாவலருக்கு இருந்ததோ இல்லையோ, பயன் அவ்வாறு அமைந்தது.

மிஷனரிமாரிடம் இதற்கு விடை இல்லாமலில்லை. பழைய ஏற்பாட்டின் கிரியைகள் வரப்போகும் பொருளின் நிழல். பொருள் வந்தபின் நிழலுக்கு வேலையில்லை என்பது எபிரெயருக்கு எழுதிய நிருபத்தை அடியொற்றி அவர்கள் சொல்லத்தக்க விடை. அது தக்க விடையே. ஆனால் அவ்விடையை ஏற்றுக்கொண்டவுடன் வழக்கின் இயல்பு மாறிவிடுகின்றது. கிரியை இயல்பாகவே இழிந்தது, பேய்க்குரியது என்ற பழிப்பு விழுந்துவிடும். ஒருகாலத்தில் தேவன் உவந்த கிரியை இன்று வேண்டுவதில்லை என்ற அளவிலேயே வாதம் நிற்கும். நாவலர் வேண்டியதும் அவ்வளவே எனலாம். ஞானஸ்நானத்தையும் இராப்போசனத்தையும் கைவிடாத ஒரு சபை, நீரும் அப்பமும் அருளுக்கு வாயிலாதல் கூடாதென்று முற்றாக மறுக்கவும் இயலாது. மற்றொன்றும் கருதத்தக்கது. தூபத்தையும் திருவுருவத்தையும் யாழ்ப்பாணத்துப் புரட்டஸ்தாந்தர் பழித்தபோது, அவ்விரண்டும் கத்தோலிக்க ஆலயங்களிலும் விளங்கின. ஐரோப்பாவில் ரோமாபுரியோடு நிகழ்ந்த பழைய பிணக்கின் மொழியே கப்பலேறி வந்து நல்லூர்த் தேர்வீதியில் ஒலித்தது. சைவன் பெற்ற அடியிற் பாதி வேறொருவனுக்கென ஓங்கிய அடி.

இத்துணையும் நூலின் தகுதி. அதன் எல்லை அதன் முறையிலேயே அடங்கியுள்ளது. எதிரியின் வாயை அடைத்தல் தன் பொருளை நிறுவுதல் ஆகாது. ‘உன் நூலிலும் இது உண்டு’ என்ற விடை விவிலியத்தை ஏந்தியவனுக்கு மட்டுமே விடை. விவிலியத்தையும் ஆகமத்தையும் ஒருசேரத் தள்ளுகின்ற பகுத்தறிவாளன் முன் அது செல்லாது; இரண்டும் ஒக்கும், ஆதலின் இரண்டும் தவறு என்று அவன் கூறுவான். திருநீறு ஏன் அணியப்படுகின்றது, கிரியை எவ்வாறு ஞானத்துக்குப் படியாகின்றது என்னும் உட்பொருளைக் காட்டிலும் ஒப்புமைக்கே நூலின் பாரம் மிகுதியாக விழுந்துள்ளது. சித்தியாரிற் பரபக்கத்தைத் தொடர்ந்து சுபக்கம் உண்டு. 1852இல் வெளிவந்த பெரியபுராண வசனத்தையும் சைவ வினாவிடைகளையும் நாவலரின் சுபக்கமெனக் கொள்ளலாம். அவை அன்பையும் ஒழுக்கத்தையும் கற்பிப்பன. ஐயுறுபவனோடு இருந்து பேசும் சுபக்க நூலொன்று அவரிடமிருந்து வரவில்லை. பின்வந்தோர் பலர் இக்குறையை நிரப்புதற்குப் பதிலாகப் பரபக்கத்தையே மேன்மேலும் உரத்துப் பாடினர்.

நூலுக்கு எழுந்த மறுப்புக்களிற் குறிப்பிடத்தக்கது சுப்பிரதீபம். அதனை எழுதியவர் கறல் விசுவநாதபிள்ளை. வட்டுக்கோட்டைச் செமினரியிற் கற்றவர். கறல் என்பதும் அங்கு வந்து ஒட்டிய பெயரே. சென்னைச் சர்வகலாசாலையின் முதற் பட்டதாரிகள் இருவருள் ஒருவர். மற்றவரான சி. வை. தாமோதரம்பிள்ளையும் அச்செமினரியிற் பயின்றவரே. அவர் சைவ மகத்துவம் எழுதிச் சைவத்துக்காக வாதாடினார். விசுவநாதபிள்ளையோ கிறிஸ்துவத்துக்காக எழுதிப் பின்னாளிற் சைவத்துக்கே மீண்டார். ஆகவே இப்போரை வெள்ளையருக்கும் தமிழருக்கும் இடையே நிகழ்ந்த போரென்று வருணித்தல் பொருந்தாது. ஒரே வாங்கிலிருந்து ஒரே தருக்க நூலைப் படித்த யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் இருபுறமும் நின்று, நல்ல தமிழில் வாதித்தனர். வசனத் தமிழ் அடைந்த உறுதிக்கு இவ்வாதங்கள் செய்த உதவியும் சிறிதன்று.

2004ஆம் ஆண்டிற் கட்டாய மதமாற்றத்தைத் தடுக்கும் சட்டமூலமொன்று இலங்கைப் பாராளுமன்றத்தின்முன் வந்தது. அதனைச் சைவருட் பலரும் வரவேற்றனர். பொருள் கொடுத்தும் அச்சுறுத்தியும் மாற்றுதல் கடியத்தக்கதே. ஆயினும் 1854இன் நூலோடு ஒப்பிடுகையில் ஒரு வேற்றுமை புலனாகும். நாவலர் அரசாங்கத்தை நோக்கித் தடைவிதிக்குமாறு இந்நூலில் வேண்டவில்லை. படிப்பவன் தானே விடையிறுக்க வல்லவனாகும் வண்ணம் எழுதினார். கோயில் வாயிலிற் பிரசுரம் கொடுப்பவனைக் கண்டு கொதிக்கும் இளைஞர், அப்பிரசுரத்தையும் படித்தவரல்லர், சித்தியாரையும் படித்தவரல்லர் என்றால், அவர் கைக்கொண்டிருப்பது நாவலரின் வழி எனல் அரிது.

இந்நூல் கேளாத கேள்வி ஒன்றுண்டு. சைவத்தைப் பழித்தல் தவறென்று காட்டிய நூல், சைவத்தை விட்டு நீங்கியோர் ஏன் நீங்கினர் என்று வினவவில்லை. உத்தியோகத்தையும் சோற்றையும் காரணமாகக் கூறுதல் எளிது. பலர்க்கு அது பொருந்தும். 1872இல் வெளியிட்ட யாழ்ப்பாணச் சமயநிலையில் நாவலர் சைவரையே நோக்கித் திரும்பி, கோயிலதிகாரிகளின் குற்றங்களையும் உயிர்ப்பலியையும் அஞ்சாது கடிந்தார். அங்கும் வருணாச்சிரம வரம்பு கேள்விக்குள்ளாகவில்லை. அவரை அவர் காலத்தில் வைத்தே மதிப்பிடவேண்டும் என்பர்; அது நியாயமே. கிறிஸ்தவ சபைகளினுள்ளும் சாதி புகுந்தே இருந்தது என்பதும் மெய். ஆனால் கோயிலின் வெளிவீதியில் நிறுத்தப்பட்டவனுக்குப் பள்ளிக்கூடக் கதவைத் திறந்தவர் பாதிரியார் என்பதை அவருடைய நிழற்கொள்கையை மறுப்பதனால் மறுக்க முடியாது. சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் 1957இல் வந்த பின்னரும் பெருங்கோயில்கள் சில திறக்கவில்லை. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலிற் பிரவேசங் கோரி நின்றோர் சைவத்தைத் தூஷித்தவரல்லர். உள்ளே சென்று வழிபடும் உரிமையைக் கேட்டவர். அவர்களுக்கு எடுத்துக் காட்டத்தக்க அதிகாரம் ஒன்று சைவ தூஷண பரிகாரத்தில் இல்லை.