விடுபட்டதன் வலிமை

சிலை என்றவுடன் முகந்திருப்பிக் கொள்வது நம் வழக்கம். வணங்கும் உருவை விலக்குதல் வேறு. கலைஞனின் கருத்தை ஆராய்தல் வேறு.

ஜெர்மானியச் சிற்பி வில்ஹெல்ம் லேம்புருக் (1881–1919) சுரங்கத் தொழிலாளியின் மைந்தர். 1910-இல் பாரிஸில் நிற்கும் பெண்ணுருவொன்றை முழுமையாகச் சமைத்தார். அதிலிருந்தே கைகால்களை நீக்கிய உடற்பகுதியைத் தனிப்படைப்பாக்கினார். அது வெண்கலத்திலும் வார்க்கப்பெற்றது. பண்டைக் கிரேக்கச் சிலைகளைக் காலம் உடைத்தது. இதனைச் சிற்பியே குறைத்தார். ஏன்?

அறபு அணியிலக்கணத்தார் ‘ஹத்ஃபு’ என்பர். விடத்தக்கதை விட்டால் எஞ்சிய சொல் வலிமை பெறும் என்பது அதன் கருத்து. கையிருப்பின் சைகை பேசும். காலிருப்பின் நடை பேசும். இரண்டும் நீங்கவே, உடலின் அமைதி ஒன்றே இங்குப் பேசுகிறது. ஆடையின்மை நமக்கு உடன்பாடன்று. ஆயினும் இச்சையைத் தூண்டும் நோக்கம் இதில் இல்லை என்பதை ஒப்புகிறோம்.

இவர் வடித்த மண்டியிட்ட பெண்ணை 1937-இல் நாஜிகள் ‘சீரழிந்த கலை’ எனக் காட்சிக்கு வைத்து இகழ்ந்தனர். ஆராயாது இகழும் அவ்வழி நமக்கு வேண்டா.