சுடுகாட்டுக்குள் நுழைந்த பாட்டு

காரைக்கால் அம்மையாரின் கதை தெரியாத சைவக் குடும்பம் அபூர்வம். அவர் எழுதிய பாட்டுகளைப் படித்திருக்கிறீர்களா என்று அதே குடும்பங்களில் கேட்டுப் பாருங்கள். மாங்கனி தெரியும், தலையால் நடந்தது தெரியும், பாட்டு தெரியாது. ஒரு பெண்ணின் வாழ்க்கை ஊருக்கே மனப்பாடமாகி, அவள் சொன்ன சொல் மட்டும் யார் காதிலும் விழாமல் போனது எப்படி? சாமி கும்பிடுகிறவளாகவும் ஊர்க் கட்டுப்பாட்டை மீறியவளாகவும் இருக்கிற எனக்கு இந்தக் கேள்வியில் சொந்த அக்கறை உண்டு.

முதலில் கதை. 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தில் சொன்னது இது. கணவன் பரமதத்தன் கொடுத்தனுப்பிய இரண்டு மாங்கனிகளில் ஒன்றைப் புனிதவதி பசியோடு வந்த சிவனடியாருக்குச் சோற்றோடு வைத்துவிடுகிறார். சாப்பிட வந்த கணவன் ஒரு கனியைத் தின்றுவிட்டு மற்றதையும் கேட்கிறான். இறைவனை வேண்ட, கையில் ஒரு கனி வருகிறது. சுவை வேறாக இருக்கவே கணவன் விசாரிக்கிறான். நடந்ததைச் சொல்கிறார். அவன் நம்பாமல் இன்னொன்று வரவழைக்கச் சொல்கிறான். அந்தக் கனி அவன் கைக்குப் போனதும் மறைந்துவிடுகிறது. பயந்துபோனவன் வணிகத்துக்கென்று கப்பலேறி, பிறகு பாண்டிய நாட்டில் குடியேறி, வேறொரு பெண்ணை மணக்கிறான். பிறந்த மகளுக்குப் புனிதவதி என்றே பெயர் வைக்கிறான். சுற்றத்தார் புனிதவதியை அழைத்துப் போய் அவன் முன்னால் நிறுத்த, மனைவி மகளோடு அவர் காலில் விழுகிறான். அதற்குப் பிறகுதான் அவர் வேண்டுகிறார்: இவனுக்காகச் சுமந்த இந்த அழகான சதை கழன்று போகட்டும், எனக்குப் பேய் வடிவம் கொடு.

இவனுக்காக என்ற சொல்லில் நான் ஒவ்வொரு முறையும் நின்றுவிடுகிறேன். பெண்ணின் அழகு கணவனுக்காகச் சுமப்பது. அவன் வேண்டாமென்றால் அதற்கு வேலையில்லை. கைம்பெண்ணின் பூவையும் பொட்டையும் எடுக்கிற நியாயமும் இதேதான். சேக்கிழாரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த நான் வரவில்லை. மனைவியின் ஆற்றலைக் கண்டு கணவன் பயந்து ஓடியதை அவர் மூடி மறைக்கவில்லை. தலையால் நடந்து கயிலைக்குப் போனவரைச் சிவன் அம்மையே என்று அழைத்ததைப் பெருமையோடு சொல்கிறார். ஆனால் அவர் சொல்லும் வரிசையைக் கவனியுங்கள். கணவன் விட்டுவிடுகிறான், பிறகு மனைவி போகிறாள். மீறலுக்கு முன்னால் ஓர் ஆணின் அனுமதி வந்துவிடுகிறது.

என் அப்பா இறந்தபோது அம்மாவின் பொட்டை அழித்தவர்கள் தினமும் திருநீறு பூசுகிற, தேவாரம் பாடுகிற சொந்தக்காரர்கள். அதற்குப் பிறகு கல்யாண வீடுகளில் அம்மா பின்வரிசையில்தான் உட்காருவார். அவர் இறந்தபோது எங்கள் வீட்டில் ஆண்பிள்ளை இல்லை. சித்தப்பா மகன் கொள்ளி வைப்பதாகப் பேசி முடித்திருந்தார்கள். கொள்ளிச் சட்டியை நான் தூக்குகிறேன் என்றேன். "பொம்பள சுடுகாட்டு எல்லையத் தாண்டினா குடும்பம் விளங்குமா?" என்று பெரியப்பா கேட்டார். அத்தை என் கையைப் பிடித்து, "சாமி கும்புடுற பொண்ணு நீயே இப்படிச் செய்யலாமா கண்ணு?" என்று அழுதார். கும்பிடுவதால்தான் போகிறேன் அத்தை என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

காரியம் முடிந்த பிறகு சில தோழிகள் வந்து பாராட்டினார்கள். மூடநம்பிக்கையை விட்டொழித்துவிட்டாய் என்றார்கள். என் நெற்றியில் திருநீறும், சுவரில் ஆடவல்லான் படமும் அவர்களைச் சங்கடப்படுத்தின. பெரியப்பாவுக்கு நான் நம்பிக்கை கெட்டவள். தோழிகளுக்குப் பாதி வழியில் நின்றவள். நம்பிக்கையுள்ள பெண் கட்டுப்பட்டவளாகத்தான் இருப்பாள் என்பதில் இரு தரப்பும் ஒன்று. அந்த நாட்களில்தான் அம்மையாரின் பாட்டுகளை வரி வரியாகப் படித்தேன்.

அவர் காலத்தைத் தேவார மூவருக்கு முற்பட்டதாக ஆய்வாளர்கள் வைக்கிறார்கள். சேக்கிழாருக்கும் அவருக்கும் இடையே பல நூற்றாண்டுகள். அற்புதத் திருவந்தாதி 101 பாடல்கள், திருவிரட்டை மணிமாலை 20 பாடல்கள், திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகங்கள் இரண்டு, பதிகத்துக்கு 11 பாடல்கள். எல்லாம் பதினோராம் திருமுறையில் இருக்கின்றன. இவற்றில் பரமதத்தன் இல்லை. மாங்கனி இல்லை. கைவிடப்பட்ட துயரமும் இல்லை. பிறந்து, பேசக் கற்றுக்கொண்ட நாளிலிருந்தே இறைவன்மேல் அன்பு என்றுதான் அந்தாதி தொடங்குகிறது. கணவன் வருவதற்கும் போவதற்கும் முன்பே தொடங்கிவிட்ட அன்பு அது. காரைக்கால் பேய் என்று தன்னைத் தானே பெயர் சொல்லிக்கொள்கிறார்.

மூத்த திருப்பதிகத்தின் முதல் பாட்டிலேயே ஒரு பெண்பேய் வருகிறது. முலை வற்றி, நரம்பு எழுந்து, கண் குழிந்து, வயிறு ஒட்டிய உடல். அருவருப்பும் இல்லை, இரக்கமும் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறவரின் கண் அது. பெண்ணுடலை அழகு, அழகின்மை என்ற தராசில் வைக்காமல் பார்க்க முடியும் என்று எனக்குக் காட்டிய முதல் தமிழ்ப் பாட்டு இதுதான்.

அதே பதிகத்தில் இன்னொரு காட்சி. சுடுகாட்டில் நிணத்தை விழுங்கிய தாய்ப்பேய் தன் பிள்ளைக்குக் காளி என்று பெயர் வைக்கிறது. புழுதியைத் துடைக்கிறது. பால் கொடுத்துவிட்டு எங்கேயோ போகிறது. தாய் திரும்பி வரக் காணாத குழந்தை அழுது அழுது தூங்கிவிடுகிறது. இறைவன் ஆடுவது அந்தக் காட்டில். பெண்மையைத் துறந்தவர் என்று நாம் சொல்லிக்கொண்டிருக்கிற கவி, தாயையும் பிள்ளையையும் சுடுகாட்டுக்குள் கொண்டுவந்து வைத்திருக்கிறார். பெண்கள் வரக்கூடாது என்ற இடத்தில் சுரங்களின் பெயரும் பறைகளின் பெயரும் அடுக்கிப் பாடுகிறார். வீடு பெண்ணுக்கு, காடு ஆணுக்கு என்ற பிரிவினை இந்தப் பாட்டுகளில் செல்லுபடியாகவில்லை. இதற்காக அவர் கடவுளை விடவும் இல்லை.

இந்தக் குரலை நாம் என்ன செய்தோம்? காரைக்காலில் ஆனி மாதப் பௌர்ணமியை ஒட்டி நடக்கும் மாங்கனித் திருவிழா புனிதவதி – பரமதத்தன் திருக்கல்யாணத்தோடு தொடங்குகிறது. பயந்து ஓடியவனுக்கே ஊர் அவரை ஆண்டுதோறும் மறுபடி கட்டிவைக்கிறது. பிட்சாடனர் வீதியுலாவில் வீசப்படும் மாங்கனியைப் பிடித்தால் பிள்ளை பிறக்கும் என்று பெண்கள் மடியேந்தி நிற்கிறார்கள். அவர்களை நான் கேலி செய்ய மாட்டேன். பிள்ளையில்லாத பெண்ணை இந்த ஊர்கள் என்ன பாடு படுத்தும் என்று தெரியும். ஆனால் குடும்பத்தைத் தாண்டிப் போன ஒருவரைக் குடும்பம் தழைக்க வரம் தருபவராக்கியதில் ஒரு சாமர்த்தியம் இருக்கிறது. 1973இல் ஏ.பி. நாகராஜன் எடுத்த படத்தில் இளமையில் லட்சுமி, பிறகு கே.பி. சுந்தராம்பாள். சுந்தராம்பாளின் குரலுக்கு நானும் அடிமை. என்றாலும் பேய் அங்கே கும்பிடத்தக்க முதியவளாகச் சாதுவாகிவிட்டது. சோழர் காலச் சிற்பிகள் இவ்வளவு தயங்கவில்லை. எலும்பு துருத்த, முலை தொங்க, கையில் தாளத்தோடு பாடியபடி உட்கார்ந்திருக்கும் அம்மையாரை வெண்கலத்தில் வார்த்திருக்கிறார்கள்.

மதத்தின் உள்ளேயே பெண்ணுக்கு விடுதலை இருக்கிறது என்று முடிக்க எனக்கு மனமில்லை. 63 நாயன்மாரில் பெண்கள் மூன்று பேர்தான். ஒருவரை அம்மையே என்று அழைத்த பிறகும், மற்றப் பெண்களின் பொட்டை அழித்துக்கொண்டே இருந்தார்கள். விதிவிலக்கைக் கோயிலில் வைத்துவிட்டால் விதியை வீட்டில் காப்பாற்றுவது எளிது. அதனால்தான் அவருடைய கதையைவிட அவருடைய பாட்டு எனக்கு முக்கியம். கதை அவரை அற்புதமாக்கி நம்மிடமிருந்து தள்ளி வைக்கிறது. பாட்டு அவர் எதைப் பார்த்தார், எங்கே உட்கார்ந்து பார்த்தார் என்று சொல்கிறது.

பக்தி இலக்கியம் படிக்கிற மாணவிகளுக்கு ஒன்று சொல்வேன். புராணத்தைப் பிறகு படியுங்கள். பதிகத்தை முதலில் படியுங்கள். கணவன் யார், ஏன் விட்டான் என்று அறியாமலே அந்தப் பேயின் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்காருங்கள். அதற்குப் பிறகு யாராவது உங்களிடம், சாமி கும்பிடுகிற பெண் இப்படிச் செய்யலாமா என்று கேட்டால், திருவாலங்காட்டில் ஒருத்தி செய்திருக்கிறாள் என்று சொல்லலாம்.